மக்ரா, கியோ, கோலன்: ஐரிஷ் குடும்பப் பெயர்களைக் கூப்பிடுவது எப்படி

அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு மருத்துவமனையின் ஓபி பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். காலையில் கைக்கு வரும் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வெயிட்டிங் ரூம் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். காது மந்தமான பெரியவர்கள் நிறைய வருவார்கள். பெயர் பிசகினால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் அவர் உட்கார்ந்தே இருப்பார். பின்னால் வந்தவர் உள்ளே போய்விடுவார். அதனால் இந்த ஊர்க் குடும்பப் பெயர்களைச் சரியாகச் சொல்வது மரியாதை என்பதோடு, வேலைக்கே தேவையான ஒன்று. புதிதாக வந்து சேரும் தமிழ், மலையாளப் பிள்ளைகள் "அக்கா, இத எப்படிக்கா கூப்பிடுறது?" என்று லிஸ்ட்டை நீட்டும்போது நான் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். எம்-சி-ஜி-ஆர்-ஏ-டி-எச் (McGrath). ஆங்கிலம் படித்த கண்ணுக்கு இது 'மெக்ராத்'. இங்கே சொல்வது 'மக்ரா'. அழுத்தம் 'ரா'வில். கடைசியில் இருக்கும் டிஎச் வாயில் வரவே வராது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மறக்காது. இந்தப் பெயரின் மூலம் ஐரிஷ் மொழியில் 'மக் க்ரா'. அந்த மொழியின் எழுத்துமுறையில் டிஎச் என்று எழுதினால் வெறும் ஹகரம்தான். சொல்லின் கடைசியில் வந்தால் அதுவும் மெலிந்து காணாமல் போகும். ஆங்கில ஆட்சிக் காலத்தில் எழுத்தர்கள் ஐரிஷ் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்தபோது, சிலதைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள், சிலதில் பழைய எழுத்தையே பாதி விட்டுவைத்தார்கள். அதனால் இன்றைக்கு லிஸ்ட்டில் இருக்கும் ஒரு பெயருக்குள் இரண்டு மொழிகளின் எழுத்து வழக்கம் கலந்து கிடக்கிறது. ஆங்கில விதியை வைத்துப் படித்தாலும் தப்பும், ஐரிஷ் விதியை வைத்துப் படித்தாலும் தப்பும்.

இதற்கு கார்க்கிலேயே நல்ல சான்று உண்டு. மக்கார்த்தி என்ற பெயர் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதிலும் டிஎச் இருக்கிறது. ஆனால் அது ஒலிக்கும். மக்ராவில் ஒலிக்காத அதே டிஎச் மக்கார்த்தியில் ஒலிக்கிறது. ஆகவே, விதி என்று நான் கீழே சொல்லும் எதையும் முதல் ஊகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அயர்லாந்துக்காரர்கள் பலரும் அந்த டிஎச்-ஐ நம்முடைய 'த்' போலவே, நாக்கு நுனியைப் பல்லில் ஒட்டிச் சொல்கிறார்கள். லண்டன் ஆங்கிலத்துக்காகப் பள்ளியில் நாக்கை வெளியே நீட்டிப் பழகியதை இங்கே மறந்துவிடலாம். 'மக்கார்த்தி' என்று தமிழில் எப்படி வருகிறதோ அப்படியே சொல்லுங்கள், சரியாக இருக்கும்.

ஐரிஷ் எழுத்தில் இத்தனை எச் ஏன் என்பது என்னை ரொம்ப நாள் உறுத்திய கேள்வி. அந்த மொழியில் மரபாகப் பயன்படும் எழுத்துகள் 18 மட்டுமே. ஜே, கே, வி, டபிள்யூ எதுவும் கிடையாது. மெய்யொலி மென்மையாகும்போது அந்த எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். பழைய ஐரிஷ் அச்செழுத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். பழைய கல்லறைக் கற்களிலும் நினைவுச் சின்னங்களிலும் இருக்கிறது. நமக்கு மெய்யின் மேல் புள்ளி என்றால் உயிர் நீங்கியது என்று பொருள்; அவர்களுக்கு வல்லொலி மெலிந்தது என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சாதாரண ரோமன் அச்சுக்கு மாறியபோது அந்தப் புள்ளிக்குப் பதிலாக எச் போட்டார்கள். அதாவது நீங்கள் பார்க்கும் எச் தனி எழுத்தே இல்லை, முன்னால் நிற்கும் எழுத்தின் தலையில் இருந்த புள்ளி. இது மனதில் பதிந்த நாளிலிருந்து எனக்கு லிஸ்ட் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

அந்தப் புள்ளி என்ன செய்யும்? பி-யோடும் (B) எம்-மோடும் சேர்ந்தால் வகரம். ஷிவான், நீவ் என்ற பெண் பெயர்களின் எழுத்தில் வி கிடையாது. பிஎச்சும் எம்எச்சும்தான் அந்த வகரத்தைத் தருகின்றன. சி-யோடு சேர்ந்தால் தொண்டையில் உரசும் ஒலி. டி-யோடு (T) சேர்ந்தால் ஹ. எஃப்-ஓடு சேர்ந்தால் ஒலியே போய்விடும். ஜி-யோடு சேர்ந்தால் நடுவிலும் கடைசியிலும் பெரும்பாலும் கரைந்துவிடும். பாடகி என்யாவைத் தெரியாதவர் குறைவு. அவருடைய ஐரிஷ் பெயரை அந்த மொழி முறையில் எழுதினால் ஆங்கிலக் கண்ணுக்கு 'எய்த்னே' என்று தெரியும். உலகம் குழம்பக் கூடாதென்று காதில் விழும்படி 'என்யா' என்று எழுதிக்கொண்டார். குடும்பப் பெயர் 'நீ வ்ரீனான்'. அதை எழுதுவது பிஎச் வைத்து. இன்னொரு சின்ன விதி: ஐரிஷில் சி எப்போதும் ககரம். 2024-இல் ஆஸ்கர் வாங்கிய எங்கள் கார்க்காரர் கிலியன் மர்ஃபியைத் தமிழில் 'சிலியன்' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருத்தத் தோன்றும். எஸ்-க்குப் பக்கத்தில் இ, ஐ வந்தால் ஷ. அதனால் 1995-இல் நோபல் பெற்ற கவிஞர் ஷேமஸ் ஹீனி.

ஒரே வேரிலிருந்து வந்த மூன்று பெயர்களைச் சொல்கிறேன், இதில் எல்லாச் சிக்கலும் அடங்கிவிடும். பழைய அயர்லாந்தில் 'யோஹி' என்பது போல ஒலிக்கும் ஓர் ஆண்பெயர் உண்டு. 'மக்' என்றால் மகன், 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன். 'மக்' சேர்ந்தபோது அதன் கடைசி ககரம் பெயரோடு ஒட்டிக்கொண்டு, பிறகு முன்பாதி உதிர்ந்து, கே-இ-ஓ-ஜி-எச் என்ற பெயர் வந்தது. அதைச் சொல்வது 'கியோ'. ஓ சேர்ந்தபோது ஒரு ஹகரம் நுழைந்து எச்-ஏ-யு-ஜி-எச்-இ-ஒய் ஆனது. மூன்று முறை பிரதமராக இருந்த சார்லஸ் ஹாஹி அந்தப் பெயர்க்காரர். அதே ஆண்பெயரைக் குறுக்கிச் செல்லமாக்கி 'மக்' சேர்த்தபோது ஜி-இ-ஓ-ஜி-எச்-இ-ஜி-ஏ-என். பார்த்தால் நாக்கு சுளுக்கும் போலிருக்கும். வாயில் இரண்டே அசை: 'கேகன்'. இரண்டு ககரமும் 'தங்கம்' என்பதில் வரும் கனத்த ககரம். கியோவில் கரைந்துபோன ஜி, கேகனில் திரும்பி வந்துவிடுகிறது. நடிகர் பேரி கியோகனின் பெயரிலும் அது கேட்கும். எழுத்தைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அயர்லாந்துக்காரர்கள் எதிராளியின் மனம் நோகக் கூடாது என்பதில் மிகவும் கவனமானவர்கள். நீங்கள் ஏதோ ஓர் உச்சரிப்பைச் சொல்லி "சரியா?" என்று கேட்டால், தப்பாக இருந்தாலும் "யூ ஆர் கிராண்ட்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். அந்தக் 'கிராண்ட்' இங்கே எல்லாவற்றுக்கும் வரும். 'பரவாயில்லம்மா, விடு' என்ற பொருளில். அதை வைத்துக்கொண்டு நீங்கள் அடுத்த தடவையும் அதே தப்பைச் சொல்வீர்கள். அதனால் நான் பெயரைச் சொல்லிக் காட்டுவதே இல்லை. எழுதியதைக் காட்டி, "உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்பேன். 'உங்க வீட்டுல' என்பது முக்கியம். பதில் ஆம், இல்லை என்று வராது, பெயரே வரும். நின்று கேட்டு, அவர் சொன்னபடி ஒரு தடவை திருப்பிச் சொல்வேன். இதை நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் செய்யாமல், உள்ளே எடை பார்க்கும்போதோ பிரஷர் பார்க்கும்போதோ செய்வேன். முதல் தடவை வாசலில் கூப்பிட வேண்டியதற்கு வழி, மேரி, ஜான் என்று வரும் முதல் பெயரை உரக்கத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் குடும்பப் பெயரைச் சேர்ப்பது.

வீட்டுக்கு வீடு வித்தியாசம் என்பதை எனக்கு உறைக்க வைத்தவர் மேற்கு கார்க்கிலிருந்து வந்த ஒரு விவசாயி. சட்டைக் கையை மடித்துவிட்டுப் பிரஷர் பட்டைக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஃபைலில் சி-ஓ-யு-ஜி-எச்-எல்-ஏ-என். கேட்டேன். அவர் சொன்னது நம் காதில் 'காலன்' என்றே விழும். பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போதே விளக்கினார்: "நாங்க கார்க்காரங்க, எங்களுக்கு இதுதான். என் அண்ணன் மகன் டப்ளின்ல இருக்கான், அங்க எல்லாரும் 'காஃக்லன்'னு கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சுட்டான். ஒரே தாத்தாவோட பேரு, ரெண்டு விதமா ஆயிடுச்சு." பேசியதில் பிரஷர் ஏறிவிட்டது, கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தேன். அந்தப் பெயரை 'காலன்' என்று நோட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. மருத்துவமனையில் அந்தச் சொல்லை எழுதி வைத்து வாசலில் நின்று கூப்பிட எந்தத் தமிழ் மனசுக்கும் முடியாது. 'கோலன்' என்று எழுதி, ஓகாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையடக்கமான ஒரு சாதாரண நோட்டு. அதில் நோயாளி விவரம் எதுவும் கிடையாது, இருக்கவும் கூடாது. குடும்பப் பெயர், எதிரே தமிழில் ஒலி, எந்தக் கவுண்டி (இங்கத்து மாவட்டம்) வழக்கு, அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் குறித்தால் அந்த எழுத்தே மறுபடி நம்மை ஏமாற்றும். தமிழில் எழுதினால் ஏமாற்றாது, ஆனால் சில குறிகள் சேர்க்க வேண்டியிருக்கும். தமிழ்க் ககரம் 'கல்', 'தங்கம்', 'பகல்' என்று இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறுவது. அதனால் கனத்து ஒலிக்க வேண்டிய எழுத்துக்கு அடியில் கோடு போடுகிறேன். 'கேகன்' என்பதில் இரண்டு கோடு, 'கியோ'வில் கோடு இல்லை. தொண்டை உரசும் ஒலிக்கு ஆய்தம் வைக்கிறேன். 'அஃது' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், அந்த ஃ-க்குப் பக்கத்தில்தான் அந்த ஒலி இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அதை 'க்' என்று முடித்துவிடுவார்கள். நம்மால் இன்னும் நெருங்கிச் சொல்ல முடியும். அழுத்தம் விழும் அசைக்கு மேலே ஒரு சாய்கோடு.

அழுத்தத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது என்பதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. இங்கே அசை சரியாக இருந்து அழுத்தம் இடம் மாறினால் அவர்களுக்குப் பெயரே புரியாமல் போகலாம். மக், ஓ இரண்டையும் விட்டுவிட்டு மீதிப் பெயரின் முதல் அசையில் அழுத்துங்கள், பெரும்பாலும் பொருந்தும். ஓ மாஹனி என்ற கார்க் பெயரில் அழுத்தம் 'மா'வில். மோரனில் 'மோ'. காஸ்டெல்லோவில் 'காஸ்'. அமெரிக்காவுக்குப் போன இதே குடும்பங்கள் அங்கே 'மஹோனி', 'மொரான்', 'காஸ்டெல்லோ' என்று நடு அசைக்கும் கடை அசைக்கும் அழுத்தத்தைத் தள்ளிவிட்டார்கள். எம்-ஏ-எச்-இ-ஆர் என்பது அங்கே பலருக்கு 'மேயர்', இங்கே பெரும்பாலும் 'மார்'. அமெரிக்க சீரியல் பார்த்து இந்தப் பெயர்களைக் கற்காதீர்கள். இணையத்தில் பெயரைத் தட்டினால் ஒரு இயந்திரக் குரல் சொல்லுமே, அதையும் நான் நம்புவதில்லை. அதுவும் பல நேரம் அமெரிக்க வழக்கைத்தான் சொல்கிறது.

'மார்' என்றதும் ஒரு வரலாறு. 1848 மார்ச்சில் வாட்டர்ஃபோர்ட் நகரில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு மூவண்ணக் கொடியை முதலில் பறக்கவிட்டவர் தாமஸ் ஃபிரான்சிஸ் மார். எழுதுவது எம்-இ-ஏ-ஜி-எச்-இ-ஆர். இதே நாட்டின் தேசியக் கொடியோடு சேர்ந்த பெயரையே வெளியூர்க்காரர்கள் 'மீகர்' என்கிறார்கள்.

எளிதாகத் தெரியும் பெயரிலும் ஊர் வழக்கு உண்டு. வால்ஷ் என்று எழுதியிருந்தால் இந்தத் தெற்குப் பக்கத்தில் பலர் 'வெல்ஷ்' என்றே சொல்கிறார்கள். கேலஹர் என்ற பெயரில் நடுவிலிருக்கும் ஜி ஒலிக்காது.

இனி, பெயர் உச்சரிப்பைத் தாண்டி நோயாளியின் பாதுகாப்பையே தொடும் ஒரு விஷயம். ஐரிஷ் வடிவத்திலேயே பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே குடும்பத்துக்குள் பெயர் மாறும். அப்பா 'ஓ ப்ரீயின்'. மகள் 'நீ வ்ரீயின்'. அம்மா 'ஈ வ்ரீயின்'. ஓ என்பது ஆண்வழி. மகளுக்கு 'நீ', மனைவிக்கு 'ஈ'. அதற்குப் பின் வரும் எழுத்துக்குப் புள்ளி ஏறுவதால் ப வ ஆகிவிடுகிறது. 'மக்' இருக்கும் குடும்பத்தில் மகளுக்கு 'நிக்'. இதே பெண்மணியின் பேங்க் கார்டில் ஆங்கில வடிவமான ஓ பிரையன் இருக்கலாம், பழைய ஃபைலும் அந்தப் பெயரில் இருக்கலாம். ஆக ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல். அடுத்த பக்கம் பார்த்தால், மேற்குக் கோடியிலிருக்கும் பேரா தீபகற்பத்திலிருந்து ஒரே நாளில் வரும் ஓ சலிவன்கள் பல பேர், முதல் பெயரும் ஒன்றாக இருக்கும். ஊரில் அவர்களுக்குள் கிளைப் பெயர், பட்டப் பெயர் எல்லாம் உண்டு. எதுவும் நம் ஃபைலில் இருக்காது. பெயர் சரியாகக் கூப்பிட்டாயிற்று, ஆள் எழுந்து வந்தாயிற்று என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பிறந்த தேதியையும் முகவரியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உயிரெழுத்தின் மேல் போடும் சாய்கோட்டை, அவர்கள் 'ஃபாடா' என்பதை, பதியும்போது விட்டுவிடாதீர்கள். அது நெடிலைக் காட்டும் குறி. அது இல்லாமல் எழுதினால் எழுத்துப்பிழைதான். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் காகிதத்திலாவது சரியாக எழுதுங்கள்.

பழகுவதற்கு எனக்கு மிகவும் உதவியது உள்ளூர் ரேடியோ. இங்கே கவுண்டி தோறும் ஒரு ரேடியோ நிலையம் இருக்கும். பல நிலையங்கள் தினமும் மரண அறிவித்தல் வாசிக்கின்றன. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்த நம் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அது புதிதாகத் தெரியாது. இறந்தவரின் பெயர், ஊர், கல்யாணத்துக்கு முன் இருந்த குடும்பப் பெயர், எந்தத் தேவாலயத்தில் பூசை, எல்லாம் நிதானமாக, அந்த மண்ணின் உச்சரிப்பில் வரும். துக்க வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால் வாசிப்பவர் ஒரு பெயரையும் அலட்சியமாகச் சொல்ல மாட்டார். அதே நேரத்தில் அந்தப் பெயரை எழுத்தில் பார்க்க இறப்பு அறிவிப்புத் தளங்கள் இருக்கின்றன. கேட்டதையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஹர்லிங் (மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் ஆட்டம்) வர்ணனையும் அப்படித்தான். ஆட்டம் புரியாவிட்டாலும் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து காதில் உட்காரும். ஐரிஷ் வடிவப் பெயர்களுக்கு டியாங்லன் (teanglann.ie) அகராதித் தளத்தில் மூன்று வட்டார வழக்குகளிலும் ஆட்களே பேசிய ஒலிப்பதிவு இருக்கிறது. பெயரில் உள்ள சொற்களை அங்கே தேடிக் கேட்கலாம்.

கேட்டு வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் கன்சல்டன்ட் டாக்டரிடம் போகாதீர்கள். அவர்களே பாதிப் பேர் வேறு கவுண்டிக்காரர்கள். வார்டு கிளார்க்கையும் போர்ட்டரையும் பிடியுங்கள். அவர்கள் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், யார் எந்தக் குடும்பம் என்பது வரைக்கும் தெரியும். ஓபி தொடங்குமுன் லிஸ்ட்டில் சந்தேகமான பெயர்களை மட்டும் அடிக்கோடிட்டு கிளார்க்கிடம் காட்டினால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எங்களோடு இருந்த ஒரு நாகர்கோவில் பொண்ணு வடக்கே டோனகால் பக்கம், லெட்டர்கென்னிக்கு வேலை மாறிப் போனாள். போகுமுன் என் நோட்டைப் படம் எடுத்துக்கொண்டாள். அதில் கார்க் வழக்கு என்று குறித்த எதையும் அங்கே அப்படியே சொல்லாதே என்று சொல்லி அனுப்பினேன். இங்கே கோலன், அங்கே காஃக்லன். இங்கே டோஹர்ட்டி என்று மெல்லச் சொல்வதை அங்கே டாஃகர்ட்டி என்று தொண்டையிலிருந்து சொல்வார்கள். கேலஹர் அந்தப் பக்கம் ஏராளம், அதனால் முதல் பெயரை விடாமல் சேர்த்துக் கூப்பிட வேண்டும். அவள் இப்போது அந்த ஊர் போர்ட்டர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுப் புது நோட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சந்தேகம் வந்தால் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். அந்தப் பெயர் எனக்கும் புதிதாக இருந்தால் எங்கள் கிளார்க்கிடம் போட்டுக் காட்டுகிறேன்.